ஃபெயில்ஓவர் பொத்தானுக்கு முன்னால்: ஸ்டாண்ட்பை டேட்டாபேஸும் வெப் கன்சோலும்

2021 பிப்ரவரி 24 அன்று காலை 11.40 மணிக்கு மும்பையில் தேசியப் பங்குச் சந்தையின் வர்த்தகம் நின்றுபோனது. மீண்டும் தொடங்கும்போது பிற்பகல் 3.45. தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறில் ஆரம்பித்த சிக்கல் அது. சந்தைக்குச் சென்னையில் ஒரு பேரிடர் மீட்பு மையம் ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் அன்று வர்த்தகத்தை அங்கே மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று பலரும் கேட்டார்கள். அடுத்த மாதமே பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி விதிகளை இறுக்கியது. முக்கியமான அமைப்பு ஒன்று படுத்துவிட்டால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் வேலை மறுபடி ஓட வேண்டும், தொலைந்துபோகும் தரவு 15 நிமிட அளவைத் தாண்டக் கூடாது என்று சொன்னது.

இதில் 45 நிமிடம் என்பதை ஆர்டிஓ என்பார்கள்: எவ்வளவு நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்ற இலக்கு. 15 நிமிடம் என்பது ஆர்பிஓ: எவ்வளவு தரவை இழந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்ற இலக்கு. பேரிடர் மீட்பு பற்றிய எந்தப் பேச்சும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். ஸ்டாண்ட்பை டேட்டாபேஸ் என்பது இந்த இரண்டு இலக்குகளையும் எட்டுவதற்கான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் கண்ணால் பார்த்து, கையால் நடத்த உதவும் திரைதான் வெப் கன்சோல்.

இந்தக் கட்டுரையில் ஆரக்கிள் டேட்டா கார்டையும் அதை நிர்வகிக்கும் எண்டர்பிரைஸ் மேனேஜர் கன்சோலையும் எடுத்துக்கொள்கிறேன். வேறு டேட்டாபேஸில் வேலை செய்பவர்களுக்கும் அடிப்படை ஒன்றுதான்; பெயர்கள் மட்டும் மாறும்.

ஸ்டாண்ட்பை எப்படி வேலை செய்கிறது?

ஒரு ஜவுளிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். விற்பனை நடக்க நடக்கச் சிட்டையில் எழுதுவார்கள். அப்புறம் சாவகாசமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். சிட்டை பத்திரமாக இருந்தால், பேரேடு போனாலும் கணக்கை மறுபடி எழுதிவிடலாம். டேட்டாபேஸில் சிட்டையின் பெயர் ரீடூ லாக். ஒவ்வொரு மாற்றமும் முதலில் ரீடூவில் எழுதப்படும். கமிட் ஆனது, அதாவது மாற்றம் உறுதியானது என்று டேட்டாபேஸ் சொன்னால், ரீடூ டிஸ்கில் பதிந்துவிட்டது என்று அர்த்தம். டேட்டா ஃபைல்கள்தான் பேரேடு. அவை பின்னாலேயே மெதுவாக மாறும்.

இப்போது அந்தச் சிட்டையை எழுத எழுதவே வேறு ஊருக்கும் அனுப்புகிறோம், அங்கே ஒருவர் உட்கார்ந்து இன்னொரு பேரேட்டில் ஏற்றிக்கொண்டே இருக்கிறார் என்றால், அந்த இரண்டாவது பேரேடுதான் ஸ்டாண்ட்பை. பிரைமரி, அதாவது அசல் டேட்டாபேஸ், ரீடூவை அனுப்புகிறது. மறுமுனையில் ஆர்எஃப்எஸ் என்ற புராசஸ் அதை வாங்கி ஸ்டாண்ட்பை ரீடூ லாகில் எழுதுகிறது. எம்ஆர்பி என்ற இன்னொரு புராசஸ் அதை எடுத்து டேட்டா ஃபைல்களில் ஏற்றுகிறது. வாங்குபவர் வேறு, ஏற்றுபவர் வேறு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கன்சோலில் வரும் முக்கியமான எண்கள் இரண்டும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். ஸ்டாண்ட்பை இருந்தால் பேக்கப் தேவையில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். யாரோ ஒருவர் பிரைமரியில் ஒரு டேபிளைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் ரீடூதான். சில நொடிகளில் ஸ்டாண்ட்பையிலும் அந்த டேபிள் காணாமல் போகும். கட்டடம் மூழ்கினால், ஸ்டோரேஜ் எரிந்தால், நகரமே மின்சாரம் இல்லாமல் போனால் ஸ்டாண்ட்பை காப்பாற்றும். மனிதத் தவறிலிருந்து மீள பேக்கப்பும், டேட்டாபேஸை முந்தைய நேரத்துக்குத் திருப்பும் ஃப்ளாஷ்பேக்கும் தனியாக வேண்டும்.

கன்சோலில் என்ன தெரியும்?

1990களில் ஆரக்கிள் 7.3 காலத்து டிபிஏக்கள் (டேட்டாபேஸ் நிர்வாகிகள்) லாக் ஃபைல்களைத் தாங்களே ஸ்கிரிப்ட் எழுதி நகலெடுத்து, மறுபக்கம் போய் ஏற்றினார்கள். 9ஐ பதிப்பில்தான் டேட்டா கார்டு என்ற பெயர் வந்தது. பிரைமரியையும் ஸ்டாண்ட்பையையும் ஒரே குடும்பமாக வைத்து மேய்க்கும் புரோக்கர் என்ற பகுதி இதற்குள் இருக்கிறது. கன்சோல் பேசுவது அந்த புரோக்கரோடுதான். டிஜிஎம்ஜிஆர்எல் என்ற கமாண்ட் லைன் கருவி பேசுவதும் அதே புரோக்கரோடுதான். அதாவது கன்சோலில் பொத்தானை அழுத்துவதும் கமாண்ட் அடிப்பதும் ஒரே கதவைத் தட்டும் இரண்டு வழிகள்.

புதிதாக ஸ்டாண்ட்பை உருவாக்குவது பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. பிரைமரியின் பக்கத்துக்குப் போய் அவெய்லபிலிட்டி மெனுவில் ஆட் ஸ்டாண்ட்பை டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்தால் அது படிப்படியாகக் கேட்கும். அதற்கு முன் பிரைமரி, பழைய ரீடூ லாகுகளை அழியவிடாமல் சேமிக்கும் ஆர்க்கைவ்லாக் முறையில் ஓட வேண்டும். எல்லா மாற்றத்தையும் கட்டாயம் ரீடூவில் எழுதவைக்கும் ஃபோர்ஸ் லாகிங் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நோலாகிங்கில் ஏற்றிய தரவு ரீடூவிலேயே இருக்காது, ஸ்டாண்ட்பைக்கும் போகாது. ஃப்ளாஷ்பேக் டேட்டாபேஸை இரண்டு பக்கமும் ஆன் செய்துவிடுங்கள். ஏன் என்பது ஃபெயில்ஓவர் பகுதியில் புரியும்.

அதே மெனுவில் டேட்டா கார்டு அட்மினிஸ்ட்ரேஷன் என்ற பக்கம் இருக்கிறது. நீங்கள் தினமும் பார்க்க வேண்டியது இதைத்தான். மேலே ஒட்டுமொத்த நிலை: நார்மல், வார்னிங், எரர் என்று ஏதாவது ஒன்று. பக்கத்திலேயே பாதுகாப்பு முறை என்ன, தானியங்கி ஃபெயில்ஓவர் (பிரைமரி போனால் ஸ்டாண்ட்பை தானாகப் பொறுப்பேற்பது) ஆன் ஆகியிருக்கிறதா என்ற விவரம். கீழே ஸ்டாண்ட்பைகளின் அட்டவணை: பெயர், ஹோஸ்ட், ரோல் (பிரைமரியா, ஸ்டாண்ட்பையா), கடைசியாக வந்து சேர்ந்த லாக் எண், கடைசியாக ஏற்றப்பட்ட லாக் எண், ஃபெயில்ஓவர் செய்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்ற மதிப்பீடு. பதிப்புக்குப் பதிப்பு இடம் கொஞ்சம் மாறும், விஷயம் மாறாது.

ரோல் எந்த டேட்டாபேஸுக்கு எது என்று கண்ணெதிரே தெரிவது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் கோடைச் சேமித்துவைக்கும் சேவையான கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைக் கேட்டால் அப்படித் தோன்றாது. இரண்டாவது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரில் ரெப்ளிகேஷன் (பிரைமரியிலிருந்து நகலெடுப்பது) சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய அதன் டேட்டா டைரக்டரியை அழிக்க நினைத்த பொறியாளர், கமாண்டைத் தட்டியது பிரைமரி சர்வரில். ஓரிரு நொடிகளில் நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அதற்குப் பிறகு பார்த்தால் பேக்கப் ஏற்பாடுகள் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் கைகொடுத்தது. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கறுப்புத் திரைகளுக்கு நடுவே, இரவில், களைத்துப்போன ஒரு மனிதர். அந்த நேரத்தில் ரோலின் பெயரைப் பெரிதாக எழுதிக் காட்டும் ஒரு திரையின் மதிப்பு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு லேக், இரண்டு வேறு கவலைகள்

டேட்டா கார்டு பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிரான்ஸ்போர்ட் லேக் (ரீடூ வந்து சேர்வதில் உள்ள பின்தங்கல்), அப்ளை லேக் (அதை ஏற்றுவதில் உள்ள பின்தங்கல்) என்று இரண்டு கோடுகள் ஓடும். புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒன்றாகவே படிப்பார்கள். கட்டாயம் பிரித்துப் படிக்க வேண்டும்.

டிரான்ஸ்போர்ட் லேக் 0, அப்ளை லேக் 40 நிமிடம் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிட்டை முழுவதும் வந்துவிட்டது. பேரேட்டில் ஏற்றுவதுதான் பாக்கி. இந்த நொடியில் பிரைமரி மையம் எரிந்துபோனால் தரவு எதுவும் போகாது. ஆனால் வந்து குவிந்திருப்பதை ஏற்றி முடிக்கும்வரை டேட்டாபேஸைத் திறக்க முடியாது. அடிபடுவது ஆர்டிஓ. ஸ்டாண்ட்பை சர்வரின் டிஸ்க் மெதுவாக இருப்பது, மாதக் கடைசி பேட்ச் வேலை, பராமரிப்புக்காக யாரோ எம்ஆர்பியை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்ட மறந்தது என்று இதற்கான காரணத்தை ஸ்டாண்ட்பை பக்கம் தேட வேண்டும்.

இரண்டுமே 40 நிமிடம் என்றால் கதை வேறு. சிட்டையே வரவில்லை. இப்போது பிரைமரி போனால் அந்த 40 நிமிட வேலையும் அதோடு போகும். அடிபடுவது ஆர்பிஓ. நெட்வொர்க்கையும் பிரைமரியின் அனுப்பும் பக்கத்தையும்தான் பார்க்க வேண்டும். லிங்க் அறுந்து கிடந்த நேரத்தில் பிரைமரி பக்கம் பேக்கப் ஸ்கிரிப்ட் ஆர்க்கைவ் லாகுகளை அழித்துவிட்டால் இன்னும் மோசம். இடையில் ஒரு ஓட்டை விழுந்துவிடும், லிங்க் வந்தாலும் ஸ்டாண்ட்பை தானாக எழுந்துவராது. ஸ்டாண்ட்பையில் ஏறிய லாகுகளை மட்டுமே அழிக்கலாம் என்று ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனில் ஒரு கொள்கை போட்டுவைத்தால் இந்த விபத்து நடக்காது.

ஆரக்கிளின் எச்சரிக்கை எண்களில் ஓஆர்ஏ-16855 வந்தால் டிரான்ஸ்போர்ட் லேக் வரம்பைத் தாண்டிவிட்டது, ஓஆர்ஏ-16853 வந்தால் அப்ளை லேக் தாண்டிவிட்டது. இந்த இரண்டு எச்சரிக்கைகளும் மெயிலிலும் மொபைலிலும் வரும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள். வரம்பை உங்கள் ஆர்பிஓ, ஆர்டிஓவைப் பார்த்து வைக்க வேண்டும். ஆர்பிஓ 15 நிமிடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எச்சரிக்கையை 30 நிமிடத்தில் வைத்தால் பயனில்லை.

இன்னொன்று: 0 என்று காட்டினால் உடனே நிம்மதி அடையாதீர்கள். லேக் எவ்வளவு என்பதை ஸ்டாண்ட்பை, பிரைமரியிடமிருந்து வரும் தகவலை வைத்துத்தான் கணக்கிடுகிறது. தகவலே நின்றுபோனால் எண் பழையதாகவே உறைந்து கிடக்கலாம். வி டாலர் டேட்டாகார்டு ஸ்டாட்ஸ் வியூவில் டேட்டம் டைம் என்ற ஒரு நெடுவரிசை இருக்கும். அதில் உள்ள நேரம் நகர்கிறதா என்று பாருங்கள். நகராவிட்டால் அந்த 0-க்கு மதிப்பில்லை.

சரி, லேக்கே இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாதா? முடியும், அதற்கு விலை உண்டு. மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ் முறையில் பிரைமரி காத்திருக்காது; ரீடூ பின்னால் போய்ச் சேரும். மேக்சிமம் அவெய்லபிலிட்டியில் ஸ்டாண்ட்பையிடமிருந்து ரசீது வந்தபிறகுதான் கமிட் முடியும். ஸ்டாண்ட்பை கிடைக்கவில்லை என்றால் கொஞ்சம் பார்த்துவிட்டு பிரைமரி தனியாக ஓடும். மேக்சிமம் புரொடெக்‌ஷனில் அதுவும் கிடையாது. ஸ்டாண்ட்பை எதுவுமே கிடைக்காவிட்டால் பிரைமரி தன்னையே நிறுத்திக்கொள்ளும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 100 கிலோமீட்டர் போய்வர 1 மில்லிசெகண்ட். மும்பைக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கேபிள் வளைந்து வளைந்து போகும், இடையில் கருவிகள் வேறு. அப்படியானால் ஒவ்வொரு கமிட்டும் குறைந்தது 10 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஆகவேதான் பக்கத்தில் ஒரு மையம் வைத்து அங்கே தரவு இழப்பே இல்லாமல் அனுப்புவதும், வேறு நில அதிர்வு மண்டலத்தில் தூரத்தில் ஒரு மையம் வைத்து அங்கே காத்திருக்காமல் அனுப்புவதும் பெரிய நிதி நிறுவனங்களின் வழக்கம்.

ஸ்விட்ச்ஓவரும் ஃபெயில்ஓவரும்

அட்டவணைக்குப் பக்கத்தில் இந்த இரண்டு பொத்தான்களும் அருகருகே இருக்கும். ஸ்விட்ச்ஓவர் என்பது இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கும்போது ரோலை மாற்றிக்கொள்வது. பிரைமரி தன் கடைசி ரீடூவரை அனுப்பிவிட்டு ஒதுங்கும். ஸ்டாண்ட்பை அதை ஏற்றிவிட்டுப் பிரைமரியாகும். தரவு ஒரு துளிகூடப் போகாது. ஃபெயில்ஓவர் என்பது பிரைமரி போய்விட்டது என்று முடிவுசெய்து, இருப்பதை வைத்துக்கொண்டு ஸ்டாண்ட்பையைத் தூக்கி நிறுத்துவது. இதில் இழப்பு இருக்கலாம்.

ஸ்விட்ச்ஓவரை அழுத்தியதும் கன்சோல் உடனே பாய்ந்துவிடாது. ஒரு உறுதிப்படுத்தும் பக்கம் வரும். பிரைமரியில் இன்னும் யார் யார் இணைப்பில் இருக்கிறார்கள் என்று அங்கிருந்தே பார்க்கலாம். கண்காணிப்பு அமைப்புகளையும் ரோலோடு சேர்த்து இடம் மாற்றலாமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் எச்சரிக்கைகள் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு முன் வெரிஃபை டேட்டா கார்டு கான்ஃபிகரேஷனை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் டேட்டாபேஸ் மாறுவது சில நிமிட வேலைதான்.

சிக்கல் பெரும்பாலும் டேட்டாபேஸுக்கு வெளியேதான் வரும். அப்ளிகேஷன் பழைய ஐபி முகவரியையே கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். மாற்று மையத்தின் ஃபயர்வாலில் ஆரக்கிள் பயன்படுத்தும் 1521 போர்ட் திறந்திருக்காது. குறித்த நேரத்தில் இரவு ரிப்போர்ட் ஓட்டும் கிரான் வேலை பழைய சர்வரிலேயே கிடக்கும். அப்ளிகேஷனின் இணைப்பு விவரத்தில் இரண்டு மையங்களின் முகவரியையும் கொடுத்து, பிரைமரி ரோலில் இருக்கும் டேட்டாபேஸில் மட்டுமே எழும்பும் சர்வீஸ் ஒன்றை வைத்து அதன் வழியே வரச் சொன்னால் பாதித் தலைவலி குறையும். மீதியை ஒத்திகைதான் காட்டிக்கொடுக்கும்.

இந்த ஒத்திகைதான் ஸ்டாண்ட்பை வைத்திருப்பதன் உயிர் என்பது என் உறுதியான கருத்து. ஒருமுறைகூட ஸ்விட்ச்ஓவர் செய்து பார்க்காத ஸ்டாண்ட்பையை நான் ஸ்டாண்ட்பை என்றே கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன். 2024 மார்ச் 2, சனிக்கிழமை, தேசியப் பங்குச் சந்தை விடுமுறை நாளில் கடையைத் திறந்தது: காலை 9.15 முதல் 10 வரை முதன்மை மையத்திலிருந்தும், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்திலிருந்தும் நிஜமான வர்த்தகம் நடத்தியது. நிஜப் பணம், நிஜ ஆர்டர்கள். உங்கள் நிறுவனம் சின்னதாக இருந்தாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிறு காலையில் ஸ்விட்ச்ஓவர் செய்து, சில நாள் அங்கேயே ஓட்டிவிட்டுத் திரும்பி வருவது கன்சோல் இருக்கும் காலத்தில் கஷ்டமே இல்லை.

ஃபெயில்ஓவர் பக்கத்தில் கம்ப்ளீட், இமீடியட் என்று இரண்டு தேர்வுகள். கம்ப்ளீட், வந்து சேர்ந்த ரீடூவை எல்லாம் ஏற்றிவிட்டுத் திறக்கும். இமீடியட் அப்படியே திறந்துவிடும்; ஏற்றாமல் கிடந்தது போனது போனதுதான். வேறு வழியே இல்லாத நேரம் தவிர கம்ப்ளீட்டையே எடுங்கள்.

ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி: பிரைமரி உண்மையிலேயே செத்துவிட்டதா, அல்லது நமக்குத் தெரியவில்லையா? 2018 அக்டோபர் 21 அன்று, கிட்லேப் போன்ற இன்னொரு சேவையான கிட்ஹப் நிறுவனத்தின் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை மையத்தில் நெட்வொர்க் 43 நொடி அறுந்தது. வெறும் 43 நொடி. தானியங்கி மென்பொருள் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்களின் பிரைமரியை மேற்குக் கடற்கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்குப் போகாத தரவு கொஞ்சம். மாறியபின் மேற்கில் எழுதப்பட்டுக் கிழக்கில் இல்லாத தரவு நிறைய. எந்தப் பக்கத்தையும் தூக்கிப்போட முடியாமல், சேவை பழைய நிலைக்குத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆனது. ஆரக்கிளில் தானியங்கி ஃபெயில்ஓவருக்கு, இரண்டு பக்கத்தையும் கண்காணிக்கும் அப்சர்வர் என்ற ஒரு சின்ன புரோகிராம் தேவை. அதை இரண்டு மையத்திலும் வைக்காமல் மூன்றாவது இடத்தில் வைப்பது இதற்காகத்தான். அப்சர்வரையும் ஸ்டாண்ட்பையையும் ஒருசேர இழந்த பிரைமரி, தான்தான் தனித்துப்போனேன் என்று புரிந்துகொண்டு கமிட்டுகளை நிறுத்திவைக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதும் ஆபத்து அதனால் விலகுகிறது. எத்தனை நொடி பார்த்துவிட்டு மாறலாம் என்ற வரம்பு, நாமாக மாற்றாவிட்டால், 30 நொடி.

ஃபெயில்ஓவர் முடிந்தபின் பழைய பிரைமரி உயிர்த்தெழுந்தால் கன்சோல் அதற்கு எதிரே ஓஆர்ஏ-16661 காட்டும்: ரீஇன்ஸ்டேட் செய்ய வேண்டும் என்று பொருள். ஃப்ளாஷ்பேக் டேட்டாபேஸ் ஆன் ஆகியிருந்தால் ஒரே கிளிக்கில் அது ரோல் மாறிய புள்ளிக்குப் பின்னோக்கிப் போய், ஸ்டாண்ட்பையாகச் சேர்ந்துகொள்ளும். ஆன் ஆகவில்லை என்றால் டெராபைட் கணக்கில் மறுபடி நகலெடுத்து முதலிலிருந்து கட்ட வேண்டும்.

கன்சோலை எங்கே வைப்பது?

எண்டர்பிரைஸ் மேனேஜருக்கும் சொந்தமாக ஒரு சர்வரும் ஒரு டேட்டாபேஸும் வேண்டும். அதைப் பிரைமரி மையத்திலேயே வைத்துவிட்டால், அந்த மையம் போகும் நாளில் ஃபெயில்ஓவர் பொத்தானும் அதோடு போய்விடும். மாற்று மையத்தில் அல்லது வேறு இடத்தில் வையுங்கள். முடியாவிட்டால் டிஜிஎம்ஜிஆர்எல் கமாண்டுகளை அச்சடித்து, கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்பதோடு பொறுப்பாளரிடம் கொடுத்துவையுங்கள். பார்க்கும் உரிமையைத் தாராளமாகக் கொடுக்கலாம். அழுத்தும் உரிமையை இரண்டு மூன்று பேரோடு நிறுத்துங்கள். பேரிடர் என்று அறிவிக்க அதிகாரம் யாருக்கு, அவர் போனை எடுக்காவிட்டால் அடுத்தது யார் என்று எழுதிவைப்பது கன்சோலில் எந்தப் பக்கத்திலும் இல்லாத அமைப்பு. ஆனால் அதை எழுதிவைக்காவிட்டால், 30 நிமிடக் கெடுவில் பெரும்பகுதியை அந்த முடிவே விழுங்கிவிடும்.

டேட்டா கார்டு எண்டர்பிரைஸ் எடிஷனோடு வருவது. ஸ்டாண்டர்டு எடிஷனில் கிடையாது. அங்கே டிபிவிசிட் ஸ்டாண்ட்பை போன்ற வெளிக் கருவிகள் ஆர்க்கைவ் லாகுகளை அனுப்பி ஏற்றும் வேலையைச் செய்கின்றன. அதற்கும் சொந்தமாக வெப் கன்சோல் உண்டு. ஸ்டாண்ட்பையில் ரீடூ ஏறிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து ரிப்போர்ட் எடுக்க ஆக்டிவ் டேட்டா கார்டு என்ற தனி உரிமம் வாங்க வேண்டும். தெரியாமல் திறந்து வைத்துவிட்டு, பிறகு தணிக்கையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கற்றுக்கொள்ள, ஒரே கணினிக்குள் பல கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு லினக்ஸ் மெஷின்கள் போதும். எண்டர்பிரைஸ் மேனேஜர் மெமரி நிறையக் கேட்கும். வீட்டு லேப்டாப்பில் முடியாவிட்டால் டிஜிஎம்ஜிஆர்எல்லிலேயே ஆரம்பியுங்கள். மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ் முறையில் வைத்து, பிரைமரியில் ஒரு டேபிளில் நொடிக்கு ஒரு வரிசை, நேரத்தோடு சேர்த்து எழுதும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓடவிடுங்கள். முதலில் ஸ்விட்ச்ஓவர் செய்து பாருங்கள். கமிட் ஆன ஒரு வரிசையும் குறைந்திருக்காது. திரும்பி வந்தபின் ஸ்டாண்ட்பையின் நெட்வொர்க்கை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் பிரைமரி டேட்டாபேஸை ஷட்டவுன் அபார்ட் என்ற கமாண்டால் சட்டென்று நிறுத்தி, நெட்வொர்க்கைத் திரும்பப் போட்டு ஃபெயில்ஓவர் செய்யுங்கள். இப்போது அந்த டேபிளில் கடைசி வரிசையின் நேரத்தைப் பாருங்கள்.